கோர்ட்டு விரட்டிய கரும்புகை

காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டவர், மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் காலர் கருத்துப் போயிருக்கும். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தால், அதிலும் கரி!

1990-ம் ஆண்டுகளில் டெல்லி நகரில் பஸ்சிலும், சைக்கிளிலும் போய் வந்தவர்களின் அன்றாடக் கதை இது.

சட்டையில் பட்ட கரி, சோப்பு போட்டால் போய்விடும். நெஞ்சுக்குள் போன கரி?

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. கோர்ட்டு போட்ட உத்தரவால், டெல்லியின் டவுன் பஸ்களும், ஆட்டோக்களும் வேறு எரிபொருளுக்கு மாறின. அதற்கு நாலு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அதற்குள் பெரிய ரகளையே நடந்துவிட்டது. அந்தக் கதையைப் பார்ப்போம்.

மூன்று விதமான விஷம்

அந்த நாளில் டெல்லி ரோட்டில் கருப்புப் புகை, நீலப் புகை, கண்ணுக்குத் தெரியாத புகை என்று மூன்றும் கிளம்பின.

கருப்புப் புகையைக் கக்கியவை டீசலில் ஓடிய பஸ்களும், லாரிகளும். டீசல் சரியாக எரியாதபோது அது கரித்தூளாக வெளியே வரும். இந்தத் தூள் மிக மிகப் பொடியானது. ஒரு தலைமயிரின் கனத்தை முப்பது பங்காக்கினால், அதில் ஒரு பங்கைவிடச் சிறியது. மூக்கில் உள்ள மயிர் சாதாரணத் தூசியைத் தடுத்துவிடும். இந்தத் தூளைத் தடுக்காது. அது நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய் உட்கார்ந்துகொள்ளும். டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் குழு 2012-ம் ஆண்டில் அறிவித்தது.

போதாக்குறைக்கு டீசலில் கந்தகமும் இருந்தது. 1990-ம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் பத்து லட்சம் பங்குக்குப் பத்தாயிரம் பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அதாவது, நூற்றுக்கு ஒன்று. தீக்குச்சியைக் கிழித்ததும் மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அது கந்தகத்தின் நெடிதான். அதை ஊர் முழுவதும் நாள் முழுவதும் கிழித்துக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்?

நீலப் புகை, ஆட்டோவில் இருந்தும் ஸ்கூட்டரில் இருந்தும் வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றில் 'டூ ஸ்ட்ரோக்' என்ஜின் இருந்தது. பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். அந்த ஆயில் எரிந்துதான் நீலப் புகை வந்தது. ஊற்றிய பெட்ரோலிலும் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியாக ஓடிவிடும். டிரைவருக்குக் காசு நஷ்டம். பின்னால் வந்தவருக்கு மூச்சு நஷ்டம்.

மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது. என்ஜின் இடிக்காமல் ஓடுவதற்காகப் பெட்ரோலில் ஈயத்தைக் கலந்து வந்தார்கள். அந்த ஈயம் புகையோடு காற்றில் கலந்தது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கிற விஷம் அது. 1995-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் ஈயம் கலக்காத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 2000-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி முதல் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. பத்திரிகைகளில் கொட்டை எழுத்தில் வராமல் நடந்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று.

ஒரு வக்கீலின் மனு

எம்.சி.மேத்தா என்பவர் சுப்ரீம் கோர்ட்டு வக்கீல். கங்கை நதியையும், தாஜ்மகாலையும் காப்பாற்ற வழக்குப் போட்டவர் இவர்தான். டெல்லி காற்றைப் பற்றி 1985-ம் ஆண்டில் ஒரு மனு கொடுத்தார்.

"மக்கள் உயிர் வாழ்வதற்கு அரசியல் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. மூச்சு விட நல்ல காற்று இல்லாமல் உயிர் வாழ்வது எப்படி?" என்பதுதான் வழக்கின் சாரம்.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. புகையும் ஆண்டுக்கணக்கில் கூடியது.

1996-ம் ஆண்டு டெல்லியில் உள்ள அறிவியல், சுற்றுச்சூழல் மையம் ஒரு புத்தகத்தை வெளியிட்டது. அதன் பெயரே திடுக்கிட வைப்பது: 'மெதுவான கொலை!' மோட்டார் வண்டி செய்பவர்கள், எண்ணெய்க் கம்பெனிகள், அரசாங்கம் எல்லோரும் சேர்ந்து நகரத்து மக்களை மெல்ல மெல்லக் கொல்கிறார்கள் என்று அந்தப் புத்தகம் குற்றம் சாட்டியது.

அந்த மையத்தைத் தொடங்கியவர் அனில் அகர்வால். என்ஜினீயரிங் படித்துவிட்டுப் பத்திரிகையாளர் ஆனவர். அப்போது அவரே புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். நோயையும் பார்த்துக்கொண்டு, புகையையும் எதிர்த்துக்கொண்டு இருந்தார்.

1998-ம் ஆண்டு ஜனவரியில் பூரே லால் என்ற அதிகாரியின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. என்ன செய்யலாம் என்று அந்தக் குழு யோசனை சொன்னது. அதே ஆண்டு ஜூலை 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு போட்டது.

உத்தரவு என்ன?

டெல்லியில் ஓடும் டவுன் பஸ்கள் அனைத்தும், அரசாங்க பஸ் ஆனாலும் தனியார் பஸ் ஆனாலும், 2001-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதிக்குள் டீசலை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும். 1990-க்கு முந்திய ஆட்டோக்களும், டாக்சிகளும் போய், சுத்தமான எரிபொருளில் ஓடும் புது வண்டிகள் வர வேண்டும். எரிவாயு பங்குகள் 9 இருந்ததை 80 ஆக்க வேண்டும். டெல்லியில் ஓடும் பஸ்களின் எண்ணிக்கையை, 2001-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதிக்குள் பத்தாயிரம் ஆக்க வேண்டும்.

இதில் கடைசியாகச் சொன்ன பத்தாயிரம் பஸ்சை மறந்துவிடாதீர்கள். அது பின்னால் வரும்.

காஸ் என்றால் எந்த காஸ்?

வீட்டு அடுப்பில் எரியும் சிலிண்டர் காஸ் வேறு. இந்த காஸ் வேறு. அடுப்பு காஸ் கசிந்தால் தரையோடு படிந்து நிற்கும். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது; கசிந்தால் மேலே போய்விடும். இதன் பெயர் மீதேன். பம்பாய்க்கு அப்பால் கடலுக்கு அடியில் இருந்து எடுத்து, குஜராத்தில் உள்ள ஹஜீராவில் இருந்து குழாய் வழியாக வடநாட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதை வண்டியில் உள்ள கெட்டியான சிலிண்டரில் அழுத்தி நிரப்புவார்கள். பஸ் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் அழுத்தம்! எரிந்தால் கரித்தூள் கிட்டத்தட்ட இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. டீசலிலும் பெட்ரோலிலும் ரேஷன் மண்எண்ணெயைக் கலந்து காசு பார்க்கிறவர்கள் அந்த நாளில் ஏராளம். கலப்பட எண்ணெய் எரிந்தால் புகை இரட்டிப்பாகும். குழாயில் வரும் வாயுவில் யார் மண்எண்ணெயைக் கலக்க முடியும்?

கெடு வந்தது, பஸ் வரவில்லை

கோர்ட்டு கொடுத்த அவகாசம் இரண்டே முக்கால் ஆண்டு. அதில் பெரும் பகுதி வீணாகப் போயிற்று. "கடைசி நேரத்தில் கோர்ட்டு விட்டுக் கொடுத்துவிடும்" என்று பஸ் முதலாளிகள் நினைத்தார்கள். பஸ் வாங்க ஆள் வரட்டும் என்று எரிவாயு பங்குகள் காத்திருந்தன. பங்கு வரட்டும் என்று பஸ் வாங்குகிறவர்கள் காத்திருந்தார்கள்.

2001-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிறந்தது. கெடு முடிந்துவிட்டது. டெல்லி ரோட்டில் பஸ்கள் குறைந்து போயின. ஆபீசுக்குப் போகிறவர்களும், பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஸ்டாப்பில் கால் கடுக்க நின்றார்கள். வந்த பஸ்சில் தொங்கிக்கொண்டு போனார்கள். கார் வைத்திருந்தவர்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லை. புகையைக் குடித்தவர்களும் பஸ் பயணிகள்தான். புகையை ஒழிக்கக் கஷ்டப்பட்டவர்களும் அவர்கள்தான்!

எரிவாயு பஸ்சுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டவர்களுக்கு மட்டும் கோர்ட்டு மேலும் சில மாதம் தவணை கொடுத்தது. அதன் பிறகும் தவணை நீண்டது. டாட்டா கம்பெனியும், நமது சென்னையைச் சேர்ந்த அசோக் லேலண்டு கம்பெனியும் எரிவாயு பஸ்களைச் செய்து அனுப்பின.

பஸ் வந்தது. இப்போது காசுக்கு, அதாவது எரிவாயுவுக்கு, பஞ்சம் வந்தது!

பங்குகளின் வாசலில் ஆட்டோக்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையாக நின்றன. டிரைவர்கள் வண்டியிலேயே படுத்துத் தூங்கினார்கள். இரவு போய் நின்றால் காலையில்தான் முறை வரும் என்ற நிலை. கடன் வாங்கிப் புது வண்டி எடுத்தவர், அந்தக் கடனை அடைக்க ஓட்ட வேண்டிய நேரத்தை வரிசையில் நின்று கழித்தார். டெல்லிக்காரர்கள் நல்ல காற்றுக்காகக் கொடுத்த விலையைக் கணக்குப் போடுகிறவர்கள், இந்த இரவுகளையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

உத்தரவு சரியான உத்தரவு. அதை நிறைவேற்றத் தயார் செய்யாமல் இருந்ததுதான் தவறு.

எதிர்ப்பு

இதற்குள் எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது. "எந்த எரிபொருளைப் போடுவது என்று சொல்வது கோர்ட்டின் வேலையா? இவ்வளவுதான் புகை வரலாம் என்று அளவு மட்டும் சொல்லுங்கள். கந்தகம் குறைந்த நல்ல டீசலைக் கொண்டே அதைச் செய்து காட்டலாம்" என்று சொன்னார்கள். மத்திய அரசாங்கம் நியமித்த மஷேல்கர் குழுவும், ஒரே எரிபொருளைக் கட்டாயப்படுத்தாமல் புகையின் அளவை நிர்ணயிப்பதே முறை என்ற கருத்தைச் சொன்னது.

இந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கந்தகமே இல்லாத டீசலும், புகைக்குழாயில் நல்ல வடிகட்டியும் இருந்தால் கரித்தூளை வெகுவாகக் குறைக்க முடியும். ஆனால் அந்த டீசல் எங்கே இருந்தது? பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்கு மட்டுமே கந்தகம் உள்ள சுத்தமான டீசல், டெல்லிக்கு 2018-ம் ஆண்டு ஏப்ரலில்தான் வந்தது. நாடு முழுவதும் வர 2020-ம் ஆண்டு ஆயிற்று. அதுவரை காத்திருந்தால், 2002-ல் பிறந்த குழந்தை உயர்நிலைப் பள்ளியை முடித்திருக்கும்!

தினம் 500 ரூபாய் அபராதம்

2002-ம் ஆண்டு ஜனவரி 2-ந் தேதி அனில் அகர்வால் காலமானார்.

ஏப்ரல் 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கண்டிப்பான தீர்ப்பு ஒன்றைச் சொன்னது. டீசலில் ஓடும் ஒவ்வொரு டவுன் பஸ்சுக்கும் தினம் 500 ரூபாய் அபராதம். முப்பது நாள் ஆகிவிட்டால் தினம் 1,000 ரூபாய். மே மாதம் முதல் மாதத்துக்கு 800 டீசல் பஸ் வீதம் ரோட்டை விட்டுப் போக வேண்டும். இழுத்தடித்ததற்காக மத்திய அரசாங்கத்துக்கும் 20 ஆயிரம் ரூபாய் செலவுத் தொகை விதிக்கப்பட்டது. மக்களின் சுகாதாரம் பெரிதா, பண நஷ்டம் பெரிதா என்றால் சுகாதாரம்தான் பெரிது என்பது கோர்ட்டின் முடிவு.

நாளொன்றுக்கு 500 ரூபாய் என்றதும் வேலை வேகமாக நடந்தது. டிசம்பர் 1-ந் தேதி டெல்லியின் டவுன் பஸ்களில் டீசல் பஸ் ஒன்றுகூட இல்லை. கருப்பும் மஞ்சளுமாக ஓடிய ஆட்டோக்கள் பச்சையும் மஞ்சளுமாக மாறின. அதே மாதம் 24-ந் தேதி டெல்லியின் முதல் மெட்ரோ ரெயிலும் தொடங்கி வைக்கப்பட்டது.

காற்று சுத்தமானதா?

ஆயிற்று; ஆனால் முழுவதும் அல்ல.

காற்றில் இருந்த ஈயம் வெகுவாகக் குறைந்தது. கந்தகப் புகை குறைந்தது. மூச்சை அடைக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவும் குறைந்தது. பஸ்சின் பின்னால் போனவர்கள் முகத்தில் கரி அப்பவில்லை. நைட்ரஜன் புகை மட்டும் குறையாமல் கூடிக்கொண்டே வந்தது.

பிறகு சில ஆண்டுகளில் தூசியும் மறுபடி ஏறத் தொடங்கியது. என்ன காரணம்?

பத்தாயிரம் பஸ்சை மறக்க வேண்டாம் என்று சொன்னோம் அல்லவா? கோர்ட்டு ஒரே உத்தரவில் இரண்டு காரியம் சொன்னது: பஸ்சைச் சுத்தமாக்கு; பஸ்சை அதிகமாக்கு. முதல் காரியம் நாலு ஆண்டில் முடிந்தது. இரண்டாவது நடக்கவே இல்லை. கெடு முடிந்து இருபது ஆண்டுக்கு மேலாகியும், 2022-ம் ஆண்டில் டெல்லியில் அரசாங்கத்தின் பொறுப்பில் ஓடிய டவுன் பஸ்கள் சுமார் ஏழாயிரம்தான்.

பஸ் கிடைக்காதவர் என்ன செய்வார்? கடன் வாங்கியாவது மோட்டார் சைக்கிள் வாங்குவார். கொஞ்சம் வசதி வந்தால் கார் வாங்குவார். 2000-ம் ஆண்டில் டெல்லியில் பதிவான வண்டிகள் முப்பது லட்சத்துக்குச் சற்று மேல். 2018-ல் அது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது! ஒவ்வொரு புது வண்டியும் பழைய வண்டியைவிடக் குறைவாகத்தான் புகை விட்டது. ஆனால் மூன்று மடங்கு வண்டி!

வண்டிப் புகை ஒன்றே டெல்லியின் துன்பம் என்றும் சொல்லிவிட முடியாது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் பஞ்சாப், அரியானா மாநில வயல்களில் நெல் அறுத்த தாளைக் கொளுத்துகிறார்கள். செங்கல் சூளை, நிலக்கரி மின் நிலையம், கட்டிட வேலைத் தூசி எல்லாம் சேருகின்றன. குளிர்காலத்தில் காற்று அசையாமல் நிற்பதால் எல்லாம் ஊர்மேல் மூடிபோல் கவிந்துகொள்கின்றன. 2016-ம் ஆண்டு நவம்பரில் புகைமூட்டத்துக்காகப் பள்ளிக்கூடங்களையே மூடினார்கள். ஆனால் தாள் எரிவது சில வாரம்; வண்டி ஓடுவது 365 நாள்.

அடுத்தது மின்சாரம்

எரிவாயுவுக்கும் ஒரு குறை உண்டு. அதுவும் பூமிக்கு அடியில் இருந்து எடுப்பதுதான். எரிந்தால் கரியமில வாயு வரும். எரியாமல் கசிந்தால் அதைவிட மோசம். உலகத்தைச் சூடேற்றுவதில், எடைக்கு எடை பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் மீதேன் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு வலுவானது என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் இப்போது மின்சார பஸ்சைப் பற்றிப் பேசுகிறார்கள். சீனாவில் ஷென்சென் நகரம், 2017-ம் ஆண்டு முடிவதற்குள் தன்னுடைய 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட பஸ்களை எல்லாம் மின்சாரத்துக்கு மாற்றிக் காட்டியது. டெல்லி அரசாங்கம் 2020-ம் ஆண்டு ஆகஸ்டில் மின்சார வண்டிகளுக்குச் சலுகை கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. டெல்லி போக்குவரத்துக் கழகத்தின் மின்சார பஸ்கள் 2022-ம் ஆண்டு ஜனவரியில் ஓடத் தொடங்கின.

(அதற்கெல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே, பாட்டரியில் ஓடும் ஈ-ரிக்ஷா டெல்லிச் சந்துகளில் புகுந்துவிட்டது. ஏழை டிரைவர்கள் தாங்களாகவே வாங்கி ஓட்டினார்கள். சட்டம் பின்னால்தான் வந்தது.)

மின்சார பஸ்சில் புகைக்குழாயே கிடையாது. "மின்சாரத்தை நிலக்கரியை எரித்துத்தானே எடுக்கிறார்கள்? புகை இங்கே வராமல் அங்கே வரும், அவ்வளவுதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும் பகுதி நிலக்கரியில் இருந்துதான் வருகிறது. ஆனால் பெட்ரோல் என்ஜினில் ஊற்றும் எண்ணெயின் சக்தியில் முக்கால் பங்கு சூடாகவே வீணாகிறது. மின்சார மோட்டாரில் வீணாவது மிகக் குறைவு. சூரிய ஒளியிலும், காற்றாலையிலும் எடுக்கும் மின்சாரம் கூடக் கூட, ஏற்கனவே வாங்கிய அதே பஸ் இன்னும் சுத்தமாகும். டீசல் பஸ் பழசாகப் பழசாக அழுக்காகும். பஸ் ஸ்டாப்பில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற குழந்தையின் முகத்துக்கு நேராக வரும் புகை, அன்றைக்கே நின்றுவிடும்.

விலைதான் பெரிய இடைஞ்சல். மின்சார பஸ்சின் விலையில் பெரும் பகுதி பாட்டரிக்கே போய்விடும். வாங்கும்போது விலை அதிகம். ஓட்டும்போது செலவு குறைவு. இதற்காக ஒரு புது வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். போக்குவரத்துக் கழகம் பஸ்சை விலைக்கு வாங்குவதில்லை. கம்பெனி பஸ்சைக் கொண்டுவந்து ஓட்ட வேண்டும்; ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கும். டிக்கெட் பணம் கழகத்துக்கு.

சென்னையிலும் இதே முறையில்தான் மின்சார பஸ்கள் வந்தன. 2025-ம் ஆண்டு ஜூன் 30-ந் தேதி வியாசர்பாடி டெப்போவில் இருந்து 120 பஸ்கள் புறப்பட்டன. தாழ்வான படி, சத்தம் இல்லாத ஓட்டம் என்று ஏறி இறங்கியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அப்போது மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருந்த மொத்த பஸ்கள் மூவாயிரத்துக்கு மேல். மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை டீசலில் ஓடின.

பழைய டீசல் பஸ் ஒன்றுக்குப் பதிலாக மின்சார பஸ் ஒன்றை ஓட்டுவதா, அல்லது பஸ்சின் எண்ணிக்கையையும் சேர்த்துக் கூட்டுவதா என்பதை ஒவ்வொரு நகரமும் தன் டெண்டரிலேயே எழுதிவிட வேண்டியிருக்கிறது. டெல்லியில் 1998-ம் ஆண்டு அதைக் கோர்ட்டு எழுதிக் கொடுத்தது.